பேய் கொட்டாவி விட்ட வெள்ளிக்கிழமை

முத்தூரணியில் ராஜாமணி தியேட்டரின் திரையில் பேய் வாயைத் திறந்து கொட்டாவி விட்ட அந்த வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு நாற்பதுக்கு, பேயின் தொண்டைக்குள் இருந்திருக்க வேண்டிய அலறல் ஊரின் கிழக்குக் கடைசியில், இருபத்திரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் பட்டாசு ஆலையின் கம்பிவேலி ஓரம், உடைமரங்களுக்கு நடுவே வந்து இறங்கி, வழி தெரிந்த ஆளைப்போல ஊருக்குள் நடக்கத் தொடங்கியது.

தியேட்டருக்குள் ஓடிக்கொண்டிருந்தது 'பூட்டிய பங்களா' என்ற புதுப்படம். முதல் நாள், முதல் காட்சி. பட்டணத்துப் புருசன் பெண்டாட்டி, மலைமேல் பங்களா, ஆளில்லாமல் ஆடும் ஊஞ்சல், கண்ணாடியில் தெரிந்து திரும்பினால் காணாமல் போகும் உருவம், தரையில் ஈரக் காலடி என்று எல்லாம் வரிசை பிசகாமல் வந்துகொண்டிருந்தன. "இப்பக் கரண்டு போகும் பாரு" என்று முன்வரிசையில் ஒருவன் சொன்னான், போயிற்று. "இந்தா நாய் குலைக்கப் போகுது" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி சொன்னாள், குலைத்தது. வசனம் மறந்த நடிகனுக்கு அடியெடுத்துக் கொடுப்பதுபோல அரங்கமே அந்தப் பேய்க்கு அடுத்தடுத்து என்ன செய்யவேண்டும் என்று எடுத்துக் கொடுத்தது, பேயும் தட்டாமல் செய்தது.

இடைவேளைக்கு ஒரு நிமிடம் முன்பு பேய் அலறியாக வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்காகப் பெண்கள் பக்கக் கதவில் டிக்கெட் கிழிக்கும் கோமதி, வேலையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து திரைச்சீலை ஓரம் நின்றாள். கோமதிக்கு நாற்பத்தாறு வயது. அவள் குரலை உயர்த்தி அந்தத் தியேட்டரில் யாரும் கேட்டதில்லை. கூட்டத்தை ஒதுக்குவதற்குக்கூடக் கழுத்தில் தொங்கும் விசிலைத்தான் ஊதுவாள். வேறெந்தப் படத்தையும் அவள் எட்டிப் பார்ப்பதில்லை, பேய்ப்படம் என்றால் மட்டும் அந்த ஒரு நிமிடம் வந்துவிடுவாள், ஏனென்றால் மற்றவர்களுக்குத்தான் அது பேயின் அலறல், அவளுக்கு அது அவளுடையது. அவளுடைய இருபத்து நாலாம் வயதில் அவள் தொண்டையைவிட்டு ஒரே ஒரு முறை வெளியே போன சத்தம், எப்படியோ சினிமாக்காரர்கள் கையில் சிக்கி, இதுவரை பதினெட்டுப் படங்களில் பதினெட்டுப் பேய்களின் வாயில் குடியிருந்துவிட்டது. முதல் தடவை கேட்டபோது கையிலிருந்த டிக்கெட்டுகளைக் கீழே சிதறவிட்டாள். பிறகு பழகிவிட்டது. தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்த பிள்ளையைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவளைப்போல, கேட்டுவிட்டு, கதவுக்குத் திரும்பிவிடுவாள். யாரிடமும் சொன்னதில்லை. அவள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்து இருக்கையில் முறுக்குக் கடிபடுகிற சத்தம்கூட நிற்காது, அதுதான் அவளுக்குக் கொஞ்சம் வலிக்கும்.

அன்றைக்குப் பேய் வாயை அகலத் திறந்தது. சத்தம் வரவில்லை. திறந்த வாய் திறந்தபடியே நாலு விநாடி நின்று, பிறகு மெதுவாக மூடியது.

"ஏலேய், பேய் கொட்டாவி விடுதுடா!"

தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. விசில். "தூக்கம் வந்தாப் போயிப் படுத்துக்க தாயி!" மேலே ஆப்பரேட்டர் அருளப்பன் பதறிப்போய் ஒவ்வொரு ஒலிபெருக்கியாகக் காதை வைத்துப் பார்த்தார், நாய் குலைப்பது கேட்டது, கதவு கிறீச்சிடுவது கேட்டது, அலறல் மட்டும் இல்லை. மற்ற ஊர்த் தியேட்டர்களுக்குப் போன் போட்டால், அங்கேயும் அதே நிமிடத்தில் அதே கொட்டாவி. "எனக்குப் படம் ஓட்டத் தெரியும், பேய் ஓட்டத் தெரியாதுய்யா" என்று அவர் போனை வைத்தார். அந்தக் கொட்டாவியோடு 'பூட்டிய பங்களா' தமிழ்நாடு முழுக்கப் படுத்துவிட்டது.

படம் முடிந்து வெளியே வந்தவர்களில் பாண்டீஸ்வரியும் ஒருத்தி. கோமதியின் பக்கத்து வீட்டு வடிவின் மகள், பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறவள், படிப்பு விடுமுறைக்கு வந்தவள். அவள் கதவருகிலேயே நின்று சண்டையை ஆரம்பித்துவிட்டாள்.

"சத்தம் போனதால படம் போச்சுன்னு சொல்றாக சித்தி. சத்தம் இருந்திருந்தா மட்டும்? அந்தப் பொம்பளையக் கொன்னவன் மூணாவது சீன்லயே மாலை போட்ட போட்டோவாயிட்டான். அவன விட்டுட்டு, வாடகைக்கு வந்த அப்பாவிப் பயல எதுக்கு இவ படுக்கையோட தூக்கிப் போடணும்? கொன்னவனப் பாத்து நமக்குப் பயம் வரல, செத்தவளப் பாத்துப் பயப்படச் சொல்றாக. கடைசில ஒரு ஆளு வந்து மந்திரம் சொல்லி அவளத் திரும்பவும் பூட்டுறான், நாம கைதட்டணும். ரெண்டே கால் மணி நேரத்துல அவளுக்கு ஒரு பேரு வச்சாங்களா? கேளுங்க. வெறும் 'அது', 'அது'. அது வருது, அது போகுது. பேரு தெரியாத ஒருத்தியப் பாத்து எனக்கு என்னத்துக்குப் பயம் வரணும்?"

கோமதி கிழித்த டிக்கெட்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். "நேரமாச்சுத்தா, வீட்டுக்குப் போ" என்றாள், வழக்கமான தாழ்ந்த குரலில்.

தியேட்டருக்குள் சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியாமல் வெளியே ஊரே ஓடிக்கொண்டிருந்தது. வேலியோரம் இறங்கிய அலறல் தெற்குத் தெருவழியாக வந்து, மாரியம்மன் கோவிலைச் சுற்றி, பள்ளிவாசல் சந்தில் திரும்பி, பஸ் நிறுத்தம்வரை போய் அறுந்து நின்றது. கத்தரியால் நறுக்கியதுபோல அறுந்தது. நாலே விநாடி. உச்சி வெயில், கொடியில் துணி காய்கிறது, அடுப்பில் உளுந்து வறுபடுகிறது, அந்த நேரத்தில் கேட்ட அந்த நாலு விநாடிக்கு முத்தூரணியில் ஒரு ஆள் இருந்த இடத்தில் இருக்கவில்லை. பட்டாசு ஆலை உள்ள ஊருக்கு அந்தச் சத்தம் என்ன சொல்லும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுப்பை அணைக்காமல் ஓடினார்கள், செருப்பில்லாமல் ஓடினார்கள், சுற்றியுள்ள ஆலைகளின் வாசலில் எல்லாம் தங்கள் பிள்ளைகளின், பெண்டாட்டிகளின், அக்கா தங்கச்சிகளின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். உள்ளேயிருந்து எல்லாரும் கையில் மருந்துப் பொடியோடு முழுசாக வந்து "என்ன, என்னாச்சு?" என்று கேட்டார்கள். எதுவும் ஆகவில்லை. சத்தம் மட்டும்தான் வந்திருந்தது.

மறுநாளும் இரண்டு நாற்பதுக்கு வந்தது. அதற்கு மறுநாளும்.

மின்வாரியத்திலிருந்து வந்து கம்பிகளைச் சோதித்துவிட்டுப் போனார்கள். காவல் நிலையத்தில் 'அடையாளம் தெரியாத பெண் அலறல்' என்று மனு வாங்கி வைத்துக்கொண்டார்கள். பூசாரி வேப்பிலையோடு தெருமுனையில் நின்றார், பள்ளிவாசல் மோதினார் ஓதிய தண்ணீரைத் தெளித்தார், பாஸ்டர் முழங்காலிட்டு ஜெபித்தார். அலறல் மூன்று பேருக்கும் உரிய மரியாதையோடு கொஞ்சம் ஒதுங்கி நடந்து, அவரவர் வேலை முடிந்ததும் தன் வழியே போயிற்று. ஊராட்சித் தலைவர் தங்கப்பழம் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, "பொதுமக்கள் கவனத்துக்கு, கைக்குழந்தை வைத்திருப்போர் இரண்டு முப்பத்தைந்துக்கெல்லாம் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளவும்" என்று அறிவிக்கச் செய்தார். பத்து நாளில் அதற்கென்று ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. டீக்கடையில் இரண்டு நாற்பது தாண்டித்தான் பால் ஏற்றினார்கள், கை நடுங்கிப் பால் கொட்டுகிறதாம். சாத்தூர் பஸ் எதிரே சவ ஊர்வலம் வந்தால் நிற்பதைப்போல ஓரங்கட்டி நின்று, அலறல் கடந்ததும் கிளம்பியது. பள்ளிக்கூடத்தில் அந்த நேரத்தில் கணக்குப் பாடம் வைத்தார்கள், எப்படியும் பிள்ளைகள் பயந்துதான் இருப்பார்கள் என்று.

ஆனால் பழக்கம் வந்ததே தவிர பயம் போகவில்லை. சினிமாவில் பத்தாவது தடவை கேட்டால் சிரிப்பு வருகிற அதே சத்தத்துக்கு இங்கே பத்தாவது நாளும் குலை நடுங்கியது, ஒவ்வொரு நாளும் இரண்டு நாற்பதுக்கு ஊரில் இருக்கிற அத்தனை பேரும் ஊரில் இல்லாத அத்தனை பேருக்கும் போன் போட்டு "எங்க இருக்க? சும்மாதான் கேட்டேன்" என்றார்கள், டவர் திணறியது, பேசாத மாமியாரும் மருமகளும் பேசினார்கள், வேலையை நிறுத்த மாட்டேன் என்ற ஆலைகள்கூடப் பெண்கள் கேட்டுக் கேட்டு அந்தப் பத்து நிமிடம் எல்லா அறைக் கதவுகளையும் விரியத் திறந்து வைத்தன. தியேட்டரில் பயந்தவர்கள் அவரவர் கண்ணை மூடிக்கொண்டார்கள், இங்கே பயந்தவர்கள் மற்றவர்களைத் தேடினார்கள் என்று கோமதி நினைத்தாள். நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்திருந்தது.

மூன்றாம் நாளிலிருந்து அலறல் பஸ் நிறுத்தம்வரை போவதில்லை. நடுத்தெருவுக்குள் திரும்பி, நேராக அவள் வீட்டு வாசலில் வந்து அறுந்து நின்றது. மிச்சத்தைக் கேட்டு நின்றது. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மிச்சம் என்ன என்று அவளுக்குத் தெரியும். சங்கரன்கோவில் அம்மனுக்கு உள்ள இரண்டு பெயரையும் அவள் அம்மா தன் இரண்டு பெண்களுக்கும் வைத்தாள், மூத்தவள் கோமதி, ஐந்து வருடம் இளையவள் ஆவுடை. இரண்டு பேரும் ஒரே ஆலையில் வேலை. கோமதி மரத்தடிக் கொட்டகையில் லேபிள் ஒட்டினாள், ஆவுடை ஐந்தாம் அறையில் மருந்து அடைத்தாள். தினமும் மத்தியானம் கோமதி கொட்டகையிலிருந்து "ஆ...வுடை, சோத்துக்கு வாடி!" என்று கூப்பிடுவாள், அந்த 'ஆ' ஆலையின் நீளத்துக்கு இழுபடும், அதைக் கேட்டுத்தான் எல்லாருமே கை கழுவப் போவார்கள். மாசி மாதத்தில் ஒருநாள், சாப்பிட்டு முடித்துத் திரும்ப வேலைக்குப் போனபிறகு, இரண்டு நாற்பதுக்கு மருந்து பற்றிக்கொண்டது. அறைகள் வெளியே பூட்டியிருந்தன. கோமதி அதே பெயரை அதே இழுப்போடு கூப்பிட்டாள், அந்தத் தடவை மட்டும் தொண்டை கிழிந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் பருத்திக் காட்டில் பாட்டு எடுத்துக்கொண்டிருந்த சினிமாக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஆவுடை என்று ஒரு பெயர் உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் காதில் விழுந்தது, "ஆ! உடை!" கதவை உடை என்கிறாள் என்று நினைத்து, முதலில் கைக்கு எட்டிய மூன்றாம் அறையின் கதவை உடைத்தார்கள். நாலு பெண்கள் உயிரோடு வந்தார்கள். ஐந்தாம் அறை பத்தடி தள்ளி இருந்தது. பத்தடிக்கு நேரம் இருக்கவில்லை.

'கதவை உடை' என்று சமயத்தில் கத்தி நாலு உயிரைக் காத்தவள் என்று பேப்பரில் போட்டார்கள். கலெக்டர் பொன்னாடை போர்த்தினார். பிழைத்த நாலு பேரும் வருடா வருடம் அதே நாளில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு சேலை எடுத்துக்கொண்டு கோமதி வீட்டுக்கு வருவார்கள். கிளிப்பச்சை, ரோஸ், எலுமிச்சை மஞ்சள் என்று அவள் வயதுக்கு ஒட்டாத நிறங்களாகவே இருக்கும், அவள் தலையைக் குனிந்து வாங்கி, கட்டாமல், டிரங்குப் பெட்டிக்குள் அடுக்குவாள். நான் உங்களை நினைக்கவே இல்லை, என் தங்கச்சியைத்தான் கூப்பிட்டேன் என்று உயிரோடு எதிரே நிற்கிற நாலு பேரிடம் எந்த வாயால் சொல்வது? அந்தப் பெயரைச் சத்தமாக ஒருமுறை சொன்னால் போதும், 'உடை' என்பது என்ன என்று ஊருக்குப் புரிந்துவிடும். அதனால் அவள் தங்கையின் பெயரையே வாயில் எடுப்பதை விட்டாள். மெல்ல மெல்லக் குரலை உயர்த்துவதையும் விட்டாள். கட்டிலடியில் இருபத்திரண்டு சேலை சேர்ந்திருந்தது, இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் ஆவுடை என்ற சத்தம் இல்லை.

பதினாறாம் நாள் சென்னையிலிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்தது. அதிலிருந்து இறங்கியவர் பெயர் ரகோத்தமன், ஒலிப்பதிவாளர், தலை நரைத்தவர். பூனையைப் போல மயிர் போர்த்திய ஒரு மைக், ஒரு பெட்டி, காதில் மாட்டும் கருவி, கம்பெனிக் கடிதம் ஒன்று. படத்தை மறுபடி வெளியிடப் போகிறார்களாம், அதற்கு அலறல் வேண்டுமாம், அலறல் கம்பெனியின் சொத்தாம்.

தலைவர் தங்கப்பழம் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "அண்ணாச்சி, எங்களுக்கென்ன, தாராளமாப் பிடிச்சிட்டுப் போங்க. ஆடு மாடுன்னா பவுண்டுல அடைச்சு வச்சிருப்போம், இத எங்க அடைக்க? தெனமும் கோமதி வீட்டு வாசலுக்கு வரும். அங்க போய் நில்லுங்க."

இரண்டரைக்கெல்லாம் நடுத்தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கோமதி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டுப் படியில் வடிவு உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். வெடிச்சத்தம்தான் அவள் காது கடைசியாகக் கேட்ட சத்தம், பதினாறு நாளாக ஊர் நடுங்கியபோது நடுங்காதவள் அவள் ஒருத்திதான், இரண்டு நாற்பதுக்கு எல்லார் முகமும் வெளிறுவதைப் பார்த்து, "போச்சா?" என்று சைகையில் கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். ரகோத்தமன் மைக்கை நிறுத்தியதும் பாண்டீஸ்வரி அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"சார், ஒரு சந்தேகம். நானே எண்ணிப் பாத்துட்டேன், பதினெட்டுப் படத்துல பதினெட்டுப் பேய்க்கும் ஒரே தொண்டையா?"

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா. நேரமாகுது."

"பதில் சொல்லுங்க, தள்ளுறேன். புதுசா ஒரு பயம் உங்களுக்கு யோசிக்க வரல. பழைய பங்களா, பழைய ஊஞ்சல், பழைய அலறல். சத்தத்தக் கூட்டி வச்சாத் திடுக்குன்னு இருக்கும், அதப் பயம்னு சொல்லி விக்கிறீங்க. குக்கர் விசிலடிச்சாக்கூடத்தான் நாங்க திடுக்கிடுவோம். அது யாரு கத்துனது, எதுக்குக் கத்துனதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

கூட்டத்தில் யாரோ, "கேளு தாயி, நல்லாக் கேளு" என்றார்கள்.

ரகோத்தமன் கெட்ட மனிதர் இல்லை, களைத்த மனிதர். "இங்க பாரும்மா, எங்க பெட்டியில அதுக்கு 'பெண் அலறல் ஏழு'ன்னுதான் சீட்டு ஒட்டியிருக்கு. ஆ-ன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். அதுல என்ன பேரா எழுதியிருக்கு?"

கதவு திறந்தது.

"எழுதியிருக்கு" என்றாள் கோமதி.

அவள் அதையும் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள், ஆனால் தெரு முழுக்கக் கேட்டது. ரகோத்தமன் அவளைப் பார்த்தார். நரைத்த தலைக்குப் பின்னாலிருந்து, இருபத்திரண்டு வருடம் முன்பு உடைமரங்களில் காற்றுச் சத்தம் பதிவு செய்ய வேலியோரம் போன இளவயது உதவியாளாக அவரே எட்டிப் பார்த்தார்.

"நீங்க... அந்தக் கொட்டகையில நின்னவங்க. நான் அன்னைக்கு இருந்தேம்மா. கருவி ஓடிட்டே இருந்தது. உங்க சத்தம் கேட்டுத்தான் எங்க ஆளுங்க ஓடிப்போய்க் கதவை உடைச்சாங்க. 'ஆ, உடை'ன்னு கத்துனீங்களே. பேய்க்கு 'உடை' எதுக்குன்னு அந்த வாலை மட்டும் நான்தான் பின்னால வெட்டினேன். நாலு பேரு பிழைச்சாங்களே அம்மா, நல்லா ஞாபகம் இருக்கு."

பாண்டீஸ்வரி மைக்குக்கு முன்னாலிருந்து விலகினாள். அந்த நாலு பேரில் ஒருத்தி அவள் அம்மா. அந்தக் கதவு உடைபட்டிருக்காவிட்டால் இவ்வளவு நேரம் இந்தத் தெருவில் வாதாடிய ஆளே கிடையாது. "சித்தி... அப்ப இது உங்க சத்தமா?" என்றாள். அவள் இதுவரை பேசியதிலேயே சின்ன வாக்கியம் அதுதான்.

கோமதி அவளைப் பார்க்கவில்லை. படியில் புளியோடு உட்கார்ந்திருந்த வடிவைப் பார்த்தாள். இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. மறுபடி கதவைச் சாத்திக்கொள்ள அது போதும்; இந்த மனிதர் அந்தப் பாதி அலறலைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போய்விடுவார், மாசியில் சேலை வரும், ஊர் மரியாதை அப்படியே இருக்கும், ஆவுடை பத்தொன்பதாவது பேயின் வாயில் போய்க் கிடப்பாள். சாத்த நினைத்துத்தான் கையைத் தூக்கினாள். தூக்கிய கை கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

வேலிப் பக்கமிருந்து அலறல் புறப்பட்டது. தெற்குத் தெரு, கோவில், பள்ளிவாசல் சந்து. எல்லாரும் போனைக் காதில் வைத்தார்கள். நடுத்தெருவில் திரும்பி, கூட்டம் விலகிக் கொடுத்த வழியில் வந்து, மைக்கைத் தாண்டி, கோமதியின் முகத்துக்கு நேரே "ஆ..." என்று வந்து, வெட்டுப்பட்ட இடத்தில் நின்றது.

"...வுடை!"

இருபத்திரண்டு வருடம் கழித்து அந்தத் தொண்டை திறந்தது. "ஆவுடை! ஆவுடை! ஏ ஆவுடை!" என்று அவள் கூப்பிடக் கூப்பிட, வாசலில் நின்ற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அவள் வாய்க்குள்ளேயே போயிற்று, கடைசியில் வெளியே அலறல் என்று எதுவும் இல்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு தங்கச்சிக்காக அழுகிற ஒரு பெண் மட்டும் இருந்தாள்.

ஊருக்குப் புரிய வெகு நேரம் ஆகவில்லை. தலைவர் தங்கப்பழம் துண்டைத் தோளிலிருந்து எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார். "நான் உடைன்னு சொல்லல" என்றாள் கோமதி, வடிவைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தையும் அவள் உதட்டில் படிக்கும்படி. "உங்க நாலு பேரையும் நெனச்சுக் கத்தல. அவளத்தான் கூப்பிட்டேன். இத்தன வருசமா ஏமாத்திட்டேன்டி."

வடிவு புளிக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரலில், தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி பேசினாள்.

"நீ என்னத்தடி ஏமாத்துன? எனக்குக் காதுதான் போச்சு, கண்ணு இருந்துச்சுல்ல? கதவு உடைஞ்சதும் வெளிய விழுந்து நான் மொதல்ல பாத்தது உன் வாயத்தான். வாயி ஆவுடைன்னுச்சு. தெனமும் அந்தப் பேரக் கேட்டுத்தான நாங்க சோத்துக்கு எந்திரிப்போம், எங்களுக்குத் தெரியாதா? அவளக் கூப்பிட்ட சத்தத்துக்கு நாங்க வந்துட்டோமேன்னு உன் முகத்தப் பாக்க எங்களுக்குத்தான் கூச்சம். நீ அந்தப் பேச்சே எடுக்கல. எடுக்கப் பிடிக்கலையாக்கும்னு நாங்களும் விட்டுட்டோம்." அவள் மூச்சு வாங்கினாள். "அந்தச் சேலையெல்லாம் உனக்குன்னா நெனச்ச? பத்தொம்பது வயசுப் பிள்ளைக்குப் பிடிக்கிற நிறமாப் பாத்துப் பாத்துல்லடி எடுத்தோம்!"

ரகோத்தமன் கருவியை நிறுத்தியிருந்தார். பதிவாகியிருந்தது, முழுசாக, மூன்று தடவை. திரும்பப் போட்டுக் கேட்டார். அதை எந்தப் பேயின் வாயிலும் மாட்ட முடியாது என்று அவருக்கே தெரிந்தது. பெட்டியைத் திறந்து, 'பெண் அலறல் ஏழு' என்ற சீட்டைக் கிழித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "பேர எப்படி எழுதணும் அம்மா?" என்று கேட்டார். பாண்டீஸ்வரி எழுத்துக் கூட்டிச் சொன்னாள்.

மறுநாள் இரண்டு நாற்பதுக்கு எதுவும் வரவில்லை. ஆனாலும் ஆலைகள் கதவைத் திறந்து வைத்தன, ஊர் போன் போட்டது.

'பூட்டிய பங்களா' எல்லா ஊரிலும் தூக்கியபிறகும் ராஜாமணியில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கம் இடம் கிடைக்கவில்லை. டிரங்குப் பெட்டிச் சேலைகளில் கிளிப்பச்சையை எடுத்துக் கட்டிக்கொண்டு கோமதி டிக்கெட் கிழித்தாள். வடிவும் பிழைத்த மற்ற மூவரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கரண்டு போயிற்று, நாய் குலைத்தது, பேய் வந்தது, வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியில் வடிவு தன் உரத்த குரலில், "ஆவுடை!" என்றாள். பிறகு நாலு பேரும். பிறகு பெண்கள் பக்கம் முழுக்க.

திரையில் பேய் வாயை மூடியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் செய்வதைப்போல, எந்தப் பக்கமிருந்து என்று தலையைத் திருப்பித் தேடியது.

பாண்டீஸ்வரியின் கையில் மயிர்க்கால்கள் எழுந்து நின்றன. "சித்தி, இது படத்துலயே இல்லியே" என்றாள், குரல் உள்ளே போய்.

கோமதி திரைச்சீலையை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். விசிலைத் தொடவில்லை.

"ஆ...வுடை, சோத்துக்கு வாடி!"

திரையில் 'இடைவேளை' என்று விழுந்தது.